தகடூர் மண்ணில் தாமஸ் மன்றோ

தகடூர் என்று சங்கச் சான்றோர் பாடிய ஊரே இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சி தனக்குக் கிட்டிய அரிய நெல்லிக்கனியை ஔவைக்கு ஈந்த வரலாற்றை அறியாத தமிழர் இலர். அதியர்க்குப் பின் இந்நிலத்தைக் கங்கரும் நுளம்பரும் சோழரும் போசளரும் விசயநகரத்தாரும் மைசூர் அரசரும் ஆண்டனர். இறுதியாக ஆங்கிலேயர் வந்தனர். அவ்வாறு வந்தவருள் பெரும்பாலோர் வரி தண்டினர்; ஊதியம் பெற்றனர்; கப்பலேறித் தம் நாடு சென்றனர். அவர்தம் பெயர்கள் பழைய ஆவணங்களின் கரையான் அரித்த ஏடுகளில் உறங்குகின்றன. ஒருவர் பெயர் மட்டும் இம்மாவட்ட மக்களின் நாவில் இன்றும் வழங்குகிறது. அவரே தாமஸ் மன்றோ. அவர் நினைவாக ஒரு தூணும் தருமபுரியில் நிற்கிறது.

மன்றோவை ஆங்கிலேயர் என்று பொதுவாகக் கூறினும் அவர் ஸ்காட்லாந்துக்காரர். பிரபு என்று அழைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டெனினும், பிரிட்டிஷ் மரபில் அவர் பெற்ற பட்டம் பிரபுப் பட்டமன்று. டியூக், மார்க்குவிஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்னும் ஐந்து படிநிலையினரே அங்குப் பிரபுக்கள் எனப்படுவர். இவ்வைந்துக்கும் அடுத்த நிலையில் உள்ளது பாரனெட் என்னும் பட்டம். முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1611இல் இதனை ஏற்படுத்தினார். பிரபுக்கள் சபையில் அமரும் உரிமை இதற்கில்லை; ஆயினும் தந்தைக்குப் பின் மூத்த மகனுக்கு வழிவழியாகச் செல்லும் உரிமை உண்டு. பிறப்பால் எச்சிறப்பும் பெறாத ஒரு வணிகன் மகன், வழிவழிப் பட்டம் ஒன்றைத் தன் குடிக்குத் தேடித் தந்தான் என்பதும், அதற்கான அடித்தளம் தருமபுரியின் வயல் வரப்புகளில் இடப்பட்டது என்பதும் நாம் அறிந்து கொள்ளத்தக்கன.

பிறப்பும் வறுமையும்

மன்றோ 1761ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் அலெக்சாண்டர் மன்றோ. தாயார் மார்கரெட் ஸ்டார்க். அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து புகையிலை வரவழைத்து விற்கும் வணிகம் தந்தையாருடையது. செல்வ வளத்தில் தொடங்கியது மன்றோவின் இளமை. சிறுவயதில் கண்ட தட்டம்மையால் அவருடைய செவித்திறன் குறைந்தது. அக்குறை வாழ்நாள் முழுதும் நீங்கவில்லை. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான உழவர்களின் முறையீடுகளைக் கேட்டுத் தீர்த்த அலுவலர் காது மந்தமானவர் என்பது வியப்பிற்குரிய செய்தியே. கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில், டான் குவிக்சோட் என்னும் நெடுங்கதையை மூலமொழியிலேயே படிக்க விரும்பி, ஆசிரியர் துணையின்றி ஸ்பானிய மொழியைக் கற்றார். மொழி மீது அவர் கொண்ட இக்காதல் பின்னர்ப் பாரசீகத்தின் பக்கம் திரும்பியது. பாரசீகத்திலிருந்து அவர் மொழிபெயர்த்த ஒரு கதை, ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்தில் வரும் ஷைலக்கின் கதையை ஒத்திருந்தது. ஷேக்ஸ்பியர் பதிப்பாசிரியர் மலோன் அதனைத் தம் பதிப்பில் சேர்த்துக் கொண்டார். ஒப்பிலக்கியத் துறையினர் கருதிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

அமெரிக்க விடுதலைப் போர் மூண்டதும் வர்ஜீனிய வணிகம் நொடித்தது. தந்தையார் கடனாளியானார். கணக்கர் வேலை பார்த்துவந்த மகன், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து 1780 சனவரியில் சென்னைக் கரையில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. அவ்வாண்டே ஐதரலி கர்நாடகத்தின் மீது படையெடுத்து வந்தார். புள்ளலூரில் பெய்லியின் படை அழிந்த வேளையில், காஞ்சிபுரத்தில் நின்ற எக்டர் மன்றோவின் படையில் இளைஞர் தாமஸ் இருந்தார். 

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் அவர் எளிய படைவீரராகவே காலம் கழித்தார். தலையணை வாங்க வழியின்றிப் புத்தகத்தையோ தோட்டாப் பையையோ தலைக்கு வைத்துப் படுத்த நாள்களைத் தம் தங்கை எர்ஸ்கினுக்கு எழுதிய மடலில் நகைச்சுவையோடு விவரிக்கிறார். அந்நிலையிலும் அவரும் அவர் உடன்பிறந்தாரும் சேர்ந்து பெற்றோர்க்குப் பணம் அனுப்பி வந்தனர். இத்தங்கைக்கு எழுதிய மடல்களே மன்றோவின் உள்ளத்தை நமக்குத் திறந்து காட்டுவன. அலுவலக அறிக்கைகளில் காணவொண்ணாத மன்றோவை அவற்றில் காணலாம்.

பாரமகாலில் ஏழாண்டுகள்

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் 1792இல் சீரங்கப்பட்டணத்து உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி திப்பு சுல்தான் பாரமகாலையும் சேலத்தையும் கம்பெனிக்கு விட்டுக் கொடுத்தார். அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த காரன்வாலிஸ் பிரபு, இப்பகுதியின் நிருவாகத்தைச் சென்னையிலிருந்த சிவில் அலுவலர்களிடம் ஒப்படைக்கவில்லை. அவர்களுக்கு நாட்டு மொழி தெரியாது. துபாசிகளை நம்பியே காலம் கழித்தனர். எனவே கேப்டன் அலெக்சாண்டர் ரீட் என்னும் படைத்தலைவரைக் கண்காணிப்பாளராக அமர்த்தினார். ரீடுக்குத் துணையாக மன்றோ, மக்லியோட், கிரகாம் ஆகிய மூவர் வந்தனர். நடுப்பகுதி மன்றோவின் பொறுப்பாயிற்று. தருமபுரி அவர் தலைமையிடமாயிற்று. வந்தபோது வயது முப்பத்தொன்று; பிரிந்தபோது முப்பத்தெட்டு.

போரினால் சீரழிந்த நாடு அது. படைகள் மாறி மாறிச் சென்ற வழியில் ஊர்கள் பாழாகியிருந்தன. எந்த நிலம் எவருடையது, எவ்வளவு விளையும், எவ்வளவு வரி கேட்பது தகும் என்பவற்றுக்கு நம்பத்தக்க கணக்கு இல்லை. ஊர்க் கணக்கர் வைத்திருந்த கணக்கு ஒன்று. உண்மை நிலை வேறொன்று. ஆதலின் ஒவ்வொரு வயலையும் அளந்து, மண்ணின் தரம் கண்டு, தனித்தனியே வரி விதிக்கும் பணியை ரீடும் அவர் துணைவர்களும் மேற்கொண்டனர். மன்றோ கூடாரத்தை ஊர் ஊராகப் பெயர்த்துச் சென்றார். கூடாரத்தைச் சுற்றிக் காலை முதல் இரவு வரை குடியானவர்கள் நிறைந்திருப்பர். மழை பொய்த்தது என்பார் ஒருவர். எருது இறந்தது என்பார் மற்றொருவர். வரியைக் குறைக்க உழவர் கூறும் சாக்குகளையும், உண்மையான துன்பத்தையும் பிரித்தறிவதே தமக்குப் பெருந்தொழிலாயிற்று என்று அவர் மடல்கள் தெரிவிக்கின்றன.

இவ்வனுபவத்திலிருந்து கிளைத்ததே இரயத்துவாரி முறை. அரசுக்கும் உழவனுக்கும் இடையே சமீன்தார் என ஒருவர் வேண்டா. உழவனே நேரே அரசுக்கு வரி செலுத்துக. அவன் பெயராலேயே நிலம் பதிவாகுக என்பது இம்முறையின் கருத்து. இதனைத் தொடங்கி வைத்தவர் ரீட் என்பதை மறத்தலாகாது. மன்றோ தொடக்கத்தில் ஒரு துணை அலுவலர் மட்டுமே. ஆயினும் ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து மாணவர் தொடர்ந்தார். வாழ்நாள் முழுதும் அதற்காக வாதாடினார். அதனால் பெயர் அவருக்கு நிலைத்தது. வரலாறு இவ்வாறு சிலரிடம் சற்று ஓரவஞ்சனை காட்டுவதுண்டு.

இன்றும் ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி நடைபெறுகிறது. பட்டாவில் பெயர் மாற்றம் வேண்டியும், அளவுக் குறையைத் திருத்தக் கோரியும் மனுவோடு உழவர்கள் வரிசையில் நிற்கின்றனர். அவ்வரிசையின் தொடக்கம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரமகாலில் அடிக்கப்பட்ட கூடாரங்களின் வாயிலில் உள்ளது எனலாம்.

தருமபுரியில் மன்றோ ஒரு வீடும் தோட்டமும் அமைத்துக் கொண்டார். நாள்தோறும் சிறிது நேரம் தோட்டத்தில் தம் கையாலேயே வேலை செய்வது அவர் வழக்கம். நான்காம் மைசூர்ப் போர் 1799இல் மூண்டு, திப்பு வீழ்ந்தபின், புதிய பணிகள் அவரை அழைத்தன. பாரமகாலின் குன்றுகளையும் மரங்களையும் பிரிய நேர்ந்ததற்கு அவர் மிகவும் வருந்தினார். பின்னர் மேற்குக் கடற்கரையில் கன்னட மாவட்டத்தின் ஓயாத மழையில் இருந்த காலத்தில் அவர் மனம் இவ்வறண்ட நிலத்தையே நாடியது.

அவர் சென்றபின் நிகழ்ந்தது வேறு. வங்காளத்து நிலையான நிலவரித் திட்டத்தை இங்கும் புகுத்தக் கம்பெனி முடிவு செய்தது. 1802 முதல் சேலம், பாரமகால் பகுதிகளின் நிலங்கள் மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டன. வயல் வயலாக அளந்து எழுதிய கணக்குகள் மூலையில் கிடக்க, ஏலத்தில் எடுத்தவர் மிட்டாதாராயினர். அவருள் பலர் வரி கட்ட இயலாமல் நொடித்தனர். மிட்டாதார் என்னும் சொல் இப்பகுதி மக்களின் பேச்சில் நெடுங்காலம் வழங்கியது.

பாளையக்காரரும் பழியும்

நிசாமிடமிருந்து 1800இல் கம்பெனி பெற்ற பெல்லாரி, கடப்பைப் பகுதிகளை ஏழாண்டுகள் மன்றோ ஆண்டார். அங்கு எண்பது பாளையக்காரர் இருந்தனர். அவர்களை ஒடுக்குவதில் மன்றோ கடுமை காட்டினார். பலர் பாளையம் இழந்தனர், சிலர் சிறைப்பட்டனர். அவர் கையாண்ட வழி முறையற்றது என்று இலண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்களே கண்டித்தனர். வீரபாண்டிய கட்டபொம்மனையும் மருது சகோதரர்களையும் போற்றும் நமக்கு இப்பகுதி கசப்பாகவே இருக்கும். இருத்தலும் வேண்டும். உழவனுக்கு நண்பர் என்று புகழப்படுபவர், அதே காலத்தில் நாட்டுத் தலைவர்களை வேரறுத்த ஒரு வணிகக் கம்பெனியின் ஊழியர் என்பதை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

வரியின் அளவு பற்றியும் கூறவேண்டும். முறை நல்லதாயினும் விதித்த வரி மிகுதி. இதனை மன்றோவே உணர்ந்தார். 1807இல் விடுப்பில் செல்லுமுன் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு வரியைக் குறைக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தார். அரசு அதனை ஏற்கவில்லை. அவரே ஆளுநராக வந்த பின்னரே அக்குறைப்பு நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வரிச்சுமை உழவர்களை வாட்டியது. மேலும், பட்டா பெற்றவரே இம்முறையில் குடியானவர். பண்ணையில் உழைத்த நிலமற்ற மக்கள் கணக்கில் இடம்பெறவில்லை. அவர்கள் பெயரை எந்த அளவுக் கோலும் அளக்கவில்லை.

இல்லறமும் உயர்வும்

விடுப்பில் தாய்நாட்டில் தங்கியிருந்த மன்றோ, கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிப்பது பற்றி நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது 1813இல் சான்றளித்தார். இந்தியக் கைவினைஞரின் திறத்தையும் இந்நாட்டாரின் குடும்ப ஒழுக்கத்தையும் அவர் அங்கு எடுத்துரைத்தார். இந்தியரை நாகரிகப்படுத்துவதற்காகவே தாம் ஆள்வதாகக் கருதியோர் நடுவே அது துணிவான உரை.

1814 மார்ச்சு 30ஆம் நாள் அவர் திருமணம் செய்து கொண்டார். மணமகள் ஸ்காட்லாந்தின் எயர்ஷயர் பகுதியைச் சேர்ந்த ரிச்சர்ட் கேம்பெல் என்பாரின் மகள் ஜேன். மணமகனுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஜேனின் அழகு அக்காலத்தில் பலராலும் பேசப்பட்டது; புகழ்பெற்ற ஓவியர் தாமஸ் லாரன்ஸ் அவரைத் தீட்டியுள்ளார். அவ்வாண்டிலேயே இருவரும் சென்னை வந்தனர். நீதித்துறைச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக மன்றோ வகுத்த 1816ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஊர்த் தலைவர்க்குச் சிறு வழக்குகளைத் தீர்க்கும் உரிமை தந்தன. பஞ்சாயத்துக்கு ஏற்பு அளித்தன. காவல் பொறுப்பை நீதிபதியிடமிருந்து கலெக்டரிடம் மாற்றின. மாவட்ட ஆட்சியரை மக்கள் எல்லாவற்றுக்கும் நாடும் நிலை அதன்வழி வலுப்பெற்றது.

மராட்டியப் போரில் சிறு படையோடு பல கோட்டைகளைக் கைப்பற்றிய பின், 1819இல் தம்பதியர் தாய்நாடு திரும்பினர். கடற்பயணத்தின்போதே மே மாதத்தில் முதல் மகன் பிறந்தான். தந்தையின் பெயரே மகனுக்கும் இடப்பட்டது. ஆனால் அடுத்த ஆண்டே சென்னை ஆளுநர் பதவி வந்தது. கைக்குழந்தையை ஸ்காட்லாந்தில் தாத்தாவின் பாதுகாப்பில் விட்டுவிட்டுத் தாயும் தந்தையும் கப்பலேறினர். தந்தை அம்மகனை மீண்டும் காணவேயில்லை. ஆளுநர் என்னும் பதவியின் பின்னால் இத்தகைய விலைகள் இருந்தன. அவ்விலையில் பெரும்பகுதியை ஜேனே செலுத்தினார் என்று தோன்றுகிறது.

ஆளுநராக மன்றோ 1820 சூன் முதல் ஆட்சி புரிந்தார். இரயத்துவாரி முறை மாகாணத்தின் பொதுமுறையாக மீண்டது. 1822இல் நாட்டுப் பள்ளிகளைப் பற்றிய கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருப்பதாகத் தெரிய வந்தது. மக்கள்தொகை அப்போது 1,28,50,941. திண்ணைப் பள்ளிகளில் உயர்குலத்தார் மட்டுமே பயின்றனர் என்னும் பொதுக் கருத்தை இக்கணக்கு அசைத்தது. சேலம் மாவட்டப் பள்ளி மாணவருள் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபதின்மர் சூத்திரர் முதலிய பிற வகுப்பினர். அன்று தருமபுரி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. பெண் குழந்தைகளின் எண்ணிக்கையோ மிகச் சிறிது. காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலின் வழியே இவ்வறிக்கைகள் அறிஞருலகில் பரவலாயின. மன்றோ இக்கணக்கை எடுக்காமல் விட்டிருந்தால் நம் பழைய கல்வி பற்றிப் பேச நமக்கு ஊகமே மிஞ்சியிருக்கும்.

அதே மன்றோ அச்சுச் சுதந்திரத்தை எதிர்த்தார். அந்நியராட்சியும் சுதந்திரமான அச்சகமும் ஒன்றாக நிலைக்க இயலா என்பது அவர் கணக்கு. கணக்கு சரியே, அதனால்தான் பாரதியின் இந்தியா பத்திரிகை புதுச்சேரிக்குப் போகவேண்டி வந்தது. இருப்பினும் இந்தியர் ஒருநாள் தம்மைத் தாமே ஆளும் தகுதி பெறுவர், அன்று ஆங்கிலேயர் விலகுவதே முறை என்னும் கருத்தை 1824 டிசம்பரில் எழுதிய குறிப்பொன்றில் பதிவு செய்தவரும் அவரே.

பட்டமும் பிரிவும்

இரண்டாம் மகன் கேம்பெல் 1823இல் சென்னையில் பிறந்தான். மன்றோ ஓய்வு வேண்டினார். பர்மியப் போர் குறுக்கிட்டதால் பணியில் நீடிக்க நேர்ந்தது. அப்போருக்குச் சென்னை மாகாணம் அளித்த உதவிக்கு மதிப்பாக 1825இல் லிண்டர்டிஸ் மன்றோ எனப் பாரனெட் பட்டம் வழங்கப்பட்டது. லிண்டர்டிஸ் என்பது ஸ்காட்லாந்தில் போர்பார் பகுதியிலுள்ள எஸ்டேட்.

பட்டம் வந்த மறு ஆண்டே வீடு வெறுமையாயிற்று. கேம்பெல் நோயுற்றதால் 1826இல் ஜேன் மகனோடு ஊர் திரும்பினார். கிண்டி மாளிகையில் தனித்திருந்த மன்றோ, குழந்தையில்லாத அறைகளையும், நடமாட்டமற்ற தோட்டத்தையும் பற்றி மனைவிக்கு எழுதிய மடல் படிப்பவர் நெஞ்சை உருக்குவது. முப்பதாண்டுகட்கு முன் தருமபுரித் தோட்டத்தைப் பற்றி மகிழ்வோடு எழுதிய கையே இதனையும் எழுதியது.

புதிய ஆளுநர் வருவதற்குள், தாம் முன்பு ஆண்ட மாவட்டங்களை ஒருமுறை காணப் புறப்பட்டார். அங்கு வாந்திபேதி பரவியிருந்தது. 1827 சூலை 6ஆம் நாள் பத்திக்கொண்டா என்னும் ஊரில் மன்றோ உயிர் நீத்தார். கூத்தியில் அடக்கம் செய்யப்பட்ட உடல் 1831இல் சென்னைக் கோட்டையின் புனித மேரி ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. பத்திக்கொண்டாவில் அவர் நினைவாகத் தோப்பும் கிணறும் அமைந்தன.

மக்கள் அவரைப் பற்றிக் கதைகள் கட்டினர். கடப்பைப் பகுதியில் பாபக்னி ஆற்றின் இருகரைக் குன்றுகளுக்கிடையே பொன் தோரணம் ஒன்று அவர் கண்ணுக்குத் தெரிந்தது என்றும், இறப்பு நெருங்கியவர்க்கே அது தெரியும் என்றும் ஒரு கதை உண்டு. மந்திராலயத்தில் இராகவேந்திரர் அவருக்குக் காட்சி தந்தார் என்பது மற்றொன்று. திருமலையில் மன்றோ கங்காளம் என்னும் பாத்திரத்தில் நிவேதனம் நடப்பதாகக் கூறுவர். அப்பகுதியில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயரிட்டனர். இக்கதைகளின் மெய்ம்மை எவ்வாறாயினும், வரி தண்ட வந்த ஒருவரை மக்கள் தம் தெய்வக் கதைகளுக்குள் ஏற்றுக் கொண்டனர் என்பது மெய்.

சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்த மன்றோவின் வெண்கலச் சிலை 1839இல் நிறுவப்பட்டது. சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி. சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை அது. சிற்பியின் மறதி என்று பலரும் பேசுவர். அஃது ஆதாரமற்ற பேச்சு.

கடலில் பிறந்த மகன் தாமஸ் எட்டு வயதில் இரண்டாம் பாரனெட் ஆனார். அவர் 1901இல் மறைய, பட்டம் தம்பி கேம்பெலுக்கு வந்தது. சென்னையில் பிறந்த இக்கேம்பெல் 1913 வரை வாழ்ந்தார். அவர் மகன் ஹியூ தாமஸ் மன்றோ நான்காம் பாரனெட். தாத்தா வயல்களை அளந்தார். பேரன் மலைகளைக் கணக்கிட்டார். ஸ்காட்லாந்தில் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைகள் எத்தனை என்பதை எவரும் சரியாக அறியாதிருந்த காலத்தில், 283 மலைகளைப் பட்டியலிட்டு 1891இல் வெளியிட்டார். அத்தகைய மலை ஒவ்வொன்றையும் மன்றோ என்றே இன்று ஸ்காட்லாந்தில் அழைக்கின்றனர். அத்தனை மலைகளையும் ஏறிமுடிக்கும் முன்பே ஹியூ 1919இல் பிரான்சு நாட்டில் காலமானார். பட்டம் அவர் மகனுக்குச் சென்றது.